பாலாறு வழக்கும் பல ஆண்டுப் போராட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரக் கிராமங்களில் விவசாயிகளோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதி சட்டம் பற்றியவை. மீதி, "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்ற அலுப்பிலிருந்து வருபவை. இரண்டுக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இப்போது கேட்க வருகிறவர்களில் பலர் வழக்கு போட்ட 1991-ல் பிறந்திருக்கவே இல்லை. அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

எந்த வழக்கைப் பற்றிப் பேசுகிறோம்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பாலாற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் விடப்படுவதை எதிர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் நேராக உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது. வழக்காடியவர் எம்.சி.மேத்தா. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புத் தந்தது. மாசுபடுத்தியவரே இழப்பையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும், கெடுதல் வரும் என்று தெரிந்தால் முழு நிரூபணத்துக்காகக் காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்புதான் அழுத்தமாகச் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர் யாரைக் கேட்டாலும் வேலூர் வழக்கு என்றால் தெரியும். இங்கே கிணறு கெட்டதால் பிறந்த தீர்ப்பு என்பது நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

அதன் பிறகு 2001-ல் இழப்பீட்டு உத்தரவு, 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு, அதன் மேல் மேல்முறையீடு, கடைசியாக 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் இன்னொரு பெரிய தீர்ப்பு. மனுவிலிருந்து அதுவரை 34 ஆண்டு.

தோல் தொழில் இங்கே தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. அப்போது கெடாத தண்ணீர் பிறகு எப்படிக் கெட்டது?

அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுத்தான் பதனிட்டார்கள். அதிலும் நாற்றம் உண்டு, கழிவு உண்டு. ஆனால் அளவு சிறியது. 1970-களின் தொடக்கத்தில் மத்திய அரசு சீதாராமையா குழுவின் பரிந்துரைப்படி பச்சைத் தோல், அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஆகியவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலையும் செருப்பு, ஷூ போன்ற பொருள்களையும் ஏற்றுமதி செய்யத் தூண்டியது. அந்நியச் செலாவணிக்கு அது நல்ல முடிவுதான். அதோடு குரோமிய உப்பு போட்டுப் பதனிடும் குரோம் முறையும் பரவியது, உற்பத்தியும் பெருகியது. வெளிநாட்டுக்குப் போன சரக்கின் அழுக்கு மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, சுமார் 170 வகை ரசாயனங்கள் பயன்படுகின்றன என்று 1996 தீர்ப்பே குறித்திருக்கிறது. தோல் கெடாமல் இருக்க முதலில் போடும் உப்பு, கழுவும்போது அப்படியே தண்ணீரோடு வருகிறது. உப்பைச் சாதாரணச் சுத்திகரிப்பால் பிரிக்க முடியாது. ஆகவே குரோமியத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், வயலையும் கிணற்றையும் அன்றாடம் கெடுத்தது பெரும்பாலும் இந்த உப்புதான். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, தென்னையில் குரும்பை உதிரும், வரப்பில் வெள்ளையாகப் பூக்கும். பாதிக்கப்பட்ட ஊர்களில் பெண் கொடுக்கவே தயங்கினார்கள். ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையக் கணக்காக அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது.

1996-லேயே ஜெயித்துவிட்டோமே. பிறகு எதற்கு 2025 வரை இழுத்தது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

1996 தீர்ப்பு பல வேலைகளைத் தொடக்கி வைத்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், 1996 நவம்பர் 30-க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவோ சொந்தமாக ஒன்று அமைக்கவோ வேண்டும், ஆற்றங்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பெருமாசு ஆலை புதிதாக வரக் கூடாது என்ற 1989-ஆம் ஆண்டின் 213-ஆம் எண் அரசாணையை நடைமுறைப்படுத்த வேண்டும், இழப்பை மதிப்பிட மத்திய அரசு ஒரு ஆணையம் அமைக்க வேண்டும், சென்னை உயர் நீதிமன்றத்தில் இதைக் கண்காணிக்கப் பசுமை அமர்வு வேண்டும். இவற்றில் ஒவ்வொன்றையும் இன்னொரு அலுவலகம், இன்னொரு அதிகாரி, இன்னொரு கோப்பு செய்ய வேண்டியிருந்தது.

ஆணையம் அமைந்தது. அது ஊர் ஊராகக் கணக்கெடுத்து 2001 மார்ச் 7 அன்று உத்தரவு போட்டது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் 186 கிராமங்கள், 29,193 பேர் அல்லது குடும்பங்கள், 547 தோல் தொழிற்சாலைகள், மொத்த இழப்பீடு சுமார் 26.82 கோடி ரூபாய். 1991 ஆகஸ்ட் முதல் 1998 டிசம்பர் வரை ஏற்பட்ட இழப்புக்கு மட்டுமே இந்தத் தொகை. வகுத்துப் பாருங்கள்: சராசரியாக ஒரு குடும்பத்துக்கு 9,200 ரூபாய் கூட வரவில்லை. ஏழு ஆண்டு சாகுபடி போனதற்கு அது. அந்தத் தொகையும் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. 1999-க்குப் பிறகும் கெடுதல் நிற்கவில்லையே, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் தொங்கிக்கொண்டே இருந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்தில் நடந்து 2010-ல் ஒரு தீர்ப்பு வந்தது. அது மீண்டும் உச்ச நீதிமன்றம் போய் இன்னும் 15 ஆண்டு.

தீர்ப்பு வந்த அன்று பட்டாசு வெடிக்கிறோம். அன்றிலிருந்துதான் நிறைவேற்றம் என்ற வேலை ஆரம்பமாகிறது. அதற்குக் கூட்டம் கூடாது, செய்தியாளர் வரமாட்டார். ஆனால் நீதிமன்றத்துக்கு முன்னால் செய்த வேலையைவிட அதுதான் நீண்டது. என் கருத்தில் இந்த வழக்கைக் காப்பாற்றியவர்கள் 1996-க்குப் பிறகும் வீட்டுக்குப் போகாதவர்கள்.

2025 தீர்ப்பு என்ன சொல்கிறது?

வேலூர் மாவட்ட சுற்றுச்சூழல் கண்காணிப்புக் குழு தொடுத்த மேல்முறையீட்டில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு இதைத் தந்தது. இழப்பீடு கிடைக்காத குடும்பங்களுக்கு அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பணத்தை மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும். ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில், அதிகாரிகளும் வல்லுநர்களும் பாதிக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளும் கொண்ட குழு அமைத்து, பாலாற்றை மீட்கும் வேலையை அது பார்க்க வேண்டும். அதைவிட முக்கியமானது, வழக்கை முடித்து மூடிவிடாமல், தொடர்ந்து அறிக்கை கேட்டுக் கண்காணிப்போம் என்று நீதிமன்றம் வைத்துக்கொண்டது. 1996-க்குப் பிறகு என்ன நடந்தது என்பதைப் பார்த்த நீதிமன்றம் அப்படிச் செய்ததில் ஆச்சரியமில்லை.

"முதலில் அரசு கொடு, பிறகு வசூல் பண்ணிக்கொள்" என்ற வரிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வசூலாகும்வரை விவசாயி காத்திருக்க வேண்டிய பழைய ஏற்பாட்டில் முப்பது ஆண்டு ஓடிவிட்டது.

இத்தனை வருடம் யார் இதைத் தாங்கிப் பிடித்தார்கள்? தலைவர்களா?

தலைவர்கள் வேண்டும்தான். ஆனால் தலைவர்களுக்கு வயதாகிறது, உடம்பு முடியாமல் போகிறது, சிலர் காலமாகிவிட்டார்கள். தாங்கியது காகிதம். அந்தக் காகிதத்தைத் தூக்கிப்போடாத வீடுகள்.

மாதனூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டுப் பரணில் தகரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். மேலே, 1392-ஆம் பசலி (1982-83) அடங்கல், அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கின் நகல்: கிணற்றுப் பாசனம், நெல், கரும்பு. அதற்குக் கீழே பத்துப் பசலி கழித்து அதே சர்வே எண்ணுக்கான அடங்கல்: தரிசு. வேறு எந்த விளக்கமும் வேண்டாம், இந்த இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். பிறகு தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள், வருட வாரியாக. அலுவலக முத்திரை குத்திய மனு நகல்கள், ஒவ்வொன்றோடும் தபால் ரசீது குண்டூசியால் குத்தப்பட்டிருக்கிறது. குண்டூசி துருப்பிடித்துக் காகிதத்தில் பழுப்பு வட்டம் விழுந்திருக்கிறது. மட்டையில்லாமல் நிற்கும் தென்னைகளின் போட்டோ, பின்னால் பேனாவில் தேதி. இதையெல்லாம் சேர்த்தவர் இப்போது நடமாட முடியாத நிலையில் இருக்கிறார். அவருடைய மருமகள் ஒவ்வொரு கட்டுக்கும் மேலட்டை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார். வழக்கறிஞர் கேட்டால் பத்து நிமிடத்தில் எடுத்துத் தருகிறார்.

அந்த மருமகளைப் போன்றவர்கள் இல்லாமல் எந்த வழக்கும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகாது. உங்கள் ஊரில் போராட்டம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், காகிதம் யாரிடம் இருக்கிறது, அவருக்குப் பிறகு யாரிடம் இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

இளைஞர்கள் வருவதே இல்லையே?

கூட்டத்துக்கு வரவில்லை என்பது உண்மை. காலையில் பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கும் போகிறவர்கள் மாலை ஆறு மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவார்கள்? கூட்டம் மட்டுமே போராட்டம் என்று நாம் வைத்துக்கொண்டால் அவர்கள் வெளியேதான் நிற்பார்கள். பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து தரச் சொல்லுங்கள். கிணற்றுத் தண்ணீர் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தகவல் உரிமை மனுவை டைப் அடித்துத் தரச் சொல்லுங்கள். முடிகிற வேலையாகக் கேட்டால் செய்கிறார்கள். நான் பார்த்தவரை, வேலை கொடுக்காமல் "உங்களுக்கு அக்கறையில்லை" என்று திட்டும் இடத்தில்தான் ஆள் சேருவதில்லை.

தோல் கம்பெனிகளை மூடச் சொல்கிறீர்களா? எங்கள் வீட்டிலேயே மூன்று பேருக்கு அங்கேதான் சம்பளம்.

மூடச் சொல்லவில்லை. 1996 தீர்ப்பும் தொழிலை ஒழிக்கச் சொல்லவில்லை. சுத்திகரித்தால் நடத்து, சுத்திகரிக்காவிட்டால் நிறுத்து என்றது. இந்தத் தொழிலில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் எத்தனையோ குடும்பங்கள் வாழ்கின்றன. காலை ஷிப்டுக்குச் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் தெரியும். தண்ணீர் கெட்டதால் விவசாயத்தை விட்டவர்களின் பிள்ளைகளே தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போனார்கள் என்பதும் இந்த ஊரின் கதைதான். அதனால் எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு கூட்டம் இங்கே கிடையாது. ஒரே வீட்டில் மாமனார் மனு கொடுப்பார், மருமகன் தோல் கம்பெனியில் பதனிடும் டிரம் ஓட்டுவார்.

தொழில் மாறாமலும் இல்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு உப்பையும் பிரித்தெடுத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறின. வழக்கு இல்லாவிட்டால் அந்தச் செலவை யாரும் தாமாகச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இரவில் மழை கொட்டும்போது ஆற்றில் நுரை வருகிறது என்ற புகார் இன்னும் வருகிறது. அதற்குத்தான் கண்காணிப்பு.

தொழிலாளியின் உயிரும் இதில் அடக்கம். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுச் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கழிவை ஒழுங்காகக் கையாளாததன் முதல் பலி எப்போதும் அதற்கு மிக அருகில் வேலை செய்கிறவர்தான்.

கட்சிக்காரர்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். எல்லாக் கட்சிக்காரர்களையும் சேர்க்க வேண்டும். ஒரு கட்சிக் கொடியை மட்டும் கட்டினால் ஆட்சி மாறும்போது உங்கள் மனுவும் அந்தக் கட்சியின் மனுவாகிவிடும். 1991-லிருந்து இங்கே எத்தனையோ தேர்தல் வந்து போய்விட்டது. வழக்கு எந்தக் கட்சிக்கும் சொந்தமாகாமல் இருந்ததால்தான் ஒவ்வொரு ஆட்சியிலும் அதே கதவைத் தட்ட முடிந்தது. வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போது தண்ணீர்ப் பரிசோதனை முடிவின் நகலைக் கையில் கொடுங்கள். வாய்வழியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துக் கொடுத்துச் சலித்துவிட்டது. பயன் உண்டா?

உண்டு, கொடுக்கும் விதத்தில் கொடுத்தால். வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் ஒரு திங்கட்கிழமை காலை போய் நின்று பாருங்கள். பட்டா, முதியோர் ஓய்வூதியம், பாதைத் தகராறு என்று நூற்றுக்கணக்கான மனுக்கள். உங்கள் மூன்று பக்க மனுவில் ஆற்றின் சரித்திரமே இருந்தால், அது "உரிய நடவடிக்கைக்கு" என்று ஏதோ ஒரு துறைக்குப் போய், அங்கிருந்து "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்று திரும்பும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. எந்தச் சர்வே எண், எந்த வாய்க்கால், எந்தத் தேதியில் நுரை வந்தது, யார் பார்த்தார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள்.

ஒரு மாதம் கழித்து, அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதற்கும் பதில் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு. மெதுவான வழிதான். ஆனால் இதில் கிடைக்கும் ஒவ்வொரு பதிலும் அரசே தன் கையெழுத்தில் கொடுத்த சாட்சி. "அந்த இடத்தில் ஆய்வு நடத்தப்படவில்லை" என்ற ஒற்றை வரிப் பதில்கூட நீதிமன்றத்தில் பெரிய ஆயுதம்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கிறதா?

தீர்மானம் போட்டதும் ஆறு சுத்தமாகிவிடாது. ஆனால் தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை கூடுகிறது. ஒரே தீர்மானத்தை ஆறு முறையும் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினால், "ஊரில் யாரும் புகார் சொல்லவில்லை" என்று எந்த அதிகாரியும் அறிக்கை எழுத முடியாது. பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், தீர்மானம் நீங்கள் சொன்னபடி எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். பிறகு அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் அன்று இதைப் பேச இடம் தாராளமாகக் கிடைக்கும்.

ஆந்திரா தடுப்பணை கட்டும்போது இங்கே சுத்திகரித்து என்ன ஆகப்போகிறது?

இரண்டும் வேறு வேறு வழக்கு. பாலாறு 348 கிலோமீட்டர் ஓடுகிறது: கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222. சென்னை மாகாணமும் மைசூர் அரசும் 1892-ல் செய்த ஒப்பந்தத்தில் பாலாறும் இருக்கிறது. குப்பம் பக்கம் கணேசபுரத்தில் அணை கட்ட ஆந்திரம் முயன்றபோது 2006-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. 2016-ல் தடுப்பணை உயரத்தைக் கூட்டியபோது மறுபடியும் போனது. 2024 பிப்ரவரியில் ரெட்டிகுப்பம், ரேகடபள்ளி பக்கம் புதுத் தடுப்பணை என்ற பேச்சு எழுந்ததும் தமிழ்நாடு எதிர்ப்புத் தெரிவித்தது. அதை அரசு நடத்துகிறது, நடத்தட்டும்.

மேலே தண்ணீரைத் தடுக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், நம் பக்கம் 222 கிலோமீட்டரில் விழும் மழை நம்முடையது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். அந்தத் தண்ணீரைத் தேக்க மணல் இருந்ததா? ஆற்று மணலை அள்ளிவிட்டு, ஊற்று போனதற்கு ஆந்திராவை மட்டும் குற்றம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராணிப்பேட்டை குரோமியக் கழிவு என்ன ஆனது?

1975-ல் தொடங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் தொழிற்சாலை, 1990-களின் நடுவில் மூடப்பட்டது. லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் குன்றுபோல் குவித்துவிட்டுப் போனது. மழை பெய்தால் மஞ்சளாகத் தண்ணீர் கசிகிறது. 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை சேர்க்கப்பட்டதற்கு அந்தக் குவியல் ஒரு காரணம். நடந்துகொண்டிருக்கும் தொழிற்சாலையை நிறுத்த முடியும், அபராதம் போட முடியும். மூடிய தொழிற்சாலையிடம் யார் போய் நிற்பது? அதனால்தான் ராணிப்பேட்டை மக்களின் வேலை பாலாற்று வழக்கைவிடக் கடினமானது என்று சொல்கிறேன். அங்கே கேள்வி முழுக்க அரசைப் பார்த்துத்தான்.

இந்த வட்டாரத்தில் நீண்ட கோரிக்கை ஏதாவது நிறைவேறியிருக்கிறதா?

திருப்பத்தூரைப் பாருங்கள். 1792-ல் அலெக்சாண்டர் ரீட் கலெக்டராக உட்கார்ந்து நிர்வாகம் நடத்திய ஊர் அது. பிறகு தலைநகர் அந்தஸ்து போய், வட ஆற்காட்டின் ஒரு மூலையாகிவிட்டது. ஒரு சான்றிதழுக்காக வேலூருக்கு 80, 90 கிலோமீட்டர் பஸ் ஏறினார்கள். தனி மாவட்டம் வேண்டும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ தேர்தலில் கேட்டார்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிப்பு வந்தது, நவம்பர் 28 அன்று திருப்பத்தூரும் ராணிப்பேட்டையும் மாவட்டங்களாயின.

ஜவ்வாது மலையிலிருந்து வரும் நாகநதி இன்னொன்று. 2014-க்குப் பிறகு நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஆற்றிலும் ஓடைகளிலும் குழி தோண்டி, சிமென்ட் வளையம் இறக்கி, மழைத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். வற்றிக் கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது. கண்ணமங்கலம், கணியம்பாடி பக்கம் போனால் அந்த வேலை செய்த அம்மாக்களே எடுத்துச் சொல்வார்கள்.

ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கிய, இன்றைய சி.எம்.சி. மருத்துவமனையைப் பற்றி இந்த ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1909-ல் நர்சிங் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி என்று, தனக்குப் பிறகு வேலை செய்யப் போகிறவர்களைத் தயார் செய்வதை அவர் ஆரம்பத்திலேயே தொடங்கிவிட்டார். 1960-ல் அவர் இறந்தபோது மருத்துவமனை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

நான் கண்ணை மூடுவதற்குள் ஆறு பழையபடி ஆகுமா?

ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்ட கேள்வி. அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நிலத்தடியில் இறங்கிய உப்பு ஒரு மழையில் போகாது, பத்து மழையிலும் முழுதாகப் போகாது. ஊற்றுக் கால்வாயில் கை நனைத்துத் தண்ணீர் குடித்த காலம் உங்கள் வாழ்நாளில் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் புதிதாகக் கழிவு சேராமல் நிறுத்துவது, குடிக்கத் தனியாக நல்ல தண்ணீர் வாங்கித் தருவது, உங்கள் பெயரில் உள்ள இழப்பீட்டை உங்கள் கையில் சேர்ப்பது, இவை மூன்றும் இந்த ஆண்டுகளிலேயே நடக்கக் கூடியவை. அதற்காகத்தான் அலைகிறோம்.

இழப்பீட்டுப் பட்டியலில் இருந்த என் மாமனார் இறந்துவிட்டார். இழப்பீட்டை நாங்கள் கேட்கலாமா?

வாரிசுகள் கேட்கலாம். முதலில் அவர் பெயர் எந்தக் கிராமப் பட்டியலில், எந்த வரிசை எண்ணில், என்ன எழுத்துகளோடு இருக்கிறது என்று பாருங்கள். முன்னெழுத்து மாறியிருப்பதும், பட்டப்பெயரில் ஏறியிருப்பதும் இங்கே சகஜம். அதற்குத்தான் பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் நகல் எல்லாம் உதவும். இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்), பட்டா, அந்தக் கால அடங்கல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைச் சேர்த்து, 2025 ஜனவரி 30 தீர்ப்பைக் குறிப்பிட்டு மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதுங்கள். உங்கள் கிராமம் இப்போது மூன்று மாவட்டங்களில் எதில் இருக்கிறதோ அந்த ஆட்சியருக்கு. பலர் பழக்கத்தில் வேலூருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். வாரிசுகள் நான்கு பேர் என்றால் நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரே மனுவாகக் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் தகராறு என்று ஒதுக்கிவைத்துவிடுவார்கள். எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்து, முத்திரை வாங்கியதை வீட்டில் வையுங்கள்.